எஞ்சிய ஆயுள் மைனஸ் இருபது

ஜெய்ராம் வீடு வாங்கியபோது அந்த வீடு இல்லை. ராஜார்ஹாட்டில் ஆகாயத்தாமரை மண்டிய ஒரு பள்ளமும், அதன் கரையில் ஒரு பலகையும்தான் இருந்தன. பலகையில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் வரைந்திருந்தார்கள். அதன் பதினான்காவது மாடி பால்கனியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி டீ குடித்துக்கொண்டிருந்தது.

"அதுதாண்ணே நாங்க" என்று விரலை நீட்டிக் காட்டினான் ஜெய்ராம்.

இராஜமாணிக்கம் முதலில் பலகையைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, பதினான்காவது மாடி வரப்போகிற உயரத்தில் ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"பேங்க்ல பதினோரு நாள்ல லோன் பாஸ் பண்ணிட்டான். ஒரு கேள்வி கேக்கலை" என்றான் ஜெய்ராம்.

ஜெய்ராம் அவருடைய சகலை. மனைவி சாவித்திரியின் தங்கை கல்பனாவைக் கட்டியவன். அவரைவிட ஒன்பது வயது இளையவன். மருத்துவமனைகளுக்குக் கட்டில் விற்கும் கம்பெனியில் வேலை. அன்று திரும்பி வந்ததிலிருந்து இராஜமாணிக்கத்துக்கு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். சாவித்திரி மூன்று வாரம் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். எரிச்சலுக்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வாயு என்று சொல்லிக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். வளர்ந்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது, மகளைப் பெற்று ஹைதராபாத்துக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் வேறு வேறு குவார்ட்டர்ஸில். யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடித்த அனுபவம் அவருக்கு வாழ்க்கையில் இல்லை. இன்னும் ஆறு வருடத்தில் ரிடையர்மென்ட். அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால், ரிக்‌ஷா நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், தத்தாபாபுவின் வீடு விலைக்கு வந்தது. எண்பது வருட வீடு. இரண்டு மாடி. சிவப்புத் தரை, பச்சை மரச் சட்ட ஜன்னல்கள். கூரையைத் தாங்கிய இரும்பு விட்டங்கள் துருப்பிடித்து உரிந்திருந்தன. மாடிப்படிக்குக் கைப்பிடி பாதி தூரம்தான் இருந்தது. முகப்பில் ஓர் அரசமரம் சுவரைப் பிளந்துகொண்டு சௌகரியமாக வளர்ந்திருந்தது.

இராஜமாணிக்கம் சுவரில் கை வைத்தார். உள்ளங்கை முழுக்க சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆனால் தொட்டால் இருந்தது. ஜெய்ராமால் இதைச் செய்ய முடியுமா?

"ப்ரொமோட்டர் ஒருத்தன் தினமும் வந்து நிக்கறான்" என்றார் தத்தாபாபு. எழுபது வயது, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பெங்களூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறார். "அவன் வாங்கினா மறுநாளே இடிப்பான். நீங்க வாங்கினா வீடு நிக்கும். நாலு மாசம் டைம் தர்றேன், மாணிக்பாபு. அதுக்கு மேல என் மக பொறுக்க மாட்டா."

வங்காளிகளுக்கு அவர் மாணிக்பாபு. முழுப் பெயரையும் சொல்ல ஆரம்பித்தவர்கள் நடுவில் மூச்சு வாங்கி நிறுத்தியதால் வந்த பெயர். பி.எஃப். பணத்திலிருந்து எடுத்து அட்வான்ஸ் கொடுத்தார். மறுநாளே ஜெய்ராமுக்குக் கடன் தந்த அதே நிஜ நிவாஸ் வீட்டுக்கடன் வங்கிக்குப் போனார். வேறு வங்கிக்குப் போயிருக்கலாம். ஆனால் பதினோரு நாள் என்ற கணக்கை அதே மைதானத்தில்தான் முறியடிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

வங்கிக் கூடத்தில் நாற்காலிகளுக்கு மேலே ஒரு டிவி. அதில் திருப்தியடைந்த வாடிக்கையாளர்களின் படங்கள் மாறி மாறி வந்தன. மூன்றாவது படம் ஜெய்ராமும் கல்பனாவும். ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பூட்டு இல்லை, கதவு இல்லை, கதவு மாட்டச் சுவர் இல்லை; சாவி மட்டும் தயார். முதல் நாள் இராஜமாணிக்கம் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். அதற்குள் ஜெய்ராம் நாற்பத்தொரு முறை சிரித்தான்.

கடன் பிரிவில் ஸ்னேகா என்ற இளம் அதிகாரி இருந்தாள். லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "அங்கிள், நானும் தமிழ்தான். ஆனா பாட்டுல மட்டும்தான் நல்லா வரும். பேசினா பங்ளா மிக்ஸ் ஆயிடும், கிச்சு மோனே கொர்பேன் நா" என்று சொல்லி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்று கையாலும் காட்டினாள். அவள்தான் அவரை மேனேஜர் லாஹிரியிடம் அழைத்துப் போனாள்.

லாஹிரி மேசைமேல் எதுவுமே வைத்துக்கொள்ளாத மனிதர். "நாங்கள் வீட்டுக்குக் கடன் தருவதில்லை, மாணிக்பாபு" என்றார்.

இராஜமாணிக்கம் வாசல் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நம்பிக்கைக்குத்தான் தருகிறோம். வீட்டை எங்கள் சர்வேயர் பார்ப்பார். அவர் நம்பினால் நாங்கள் நம்புவோம். அவர் பெயரே பிஸ்வாஸ்" என்று சொல்லிவிட்டு லாஹிரி சிரித்தார். பிஸ்வாஸ் என்றால் வங்காளத்தில் நம்பிக்கை. ஸ்னேகாவும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு அவளுடைய வேலைகளில் ஒன்று என்று தெரிந்தது.

பிஸ்வாஸ் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்றார். அங்கேயே நின்றார்.

"உள்ளே வாங்க" என்றார் இராஜமாணிக்கம்.

"ஆபத்தான கட்டடத்துக்குள் சர்வேயர் நுழையக் கூடாது. ரூல்."

"ஆபத்தானதுன்னு எப்படித் தெரியும்?"

"உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்."

"அப்ப வாங்க."

"ஆபத்து இல்லை என்று தெரியாமல் எப்படி வருவது?"

நியாயமாகத்தான் இருந்தது. தத்தாபாபு விருந்தாளியை வாசலில் நிறுத்தி வழக்கமில்லாதவர். சமையலறையிலிருந்து சுடச்சுட, வங்காளத்து மைதா பூரியான லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து சந்திலேயே கொடுத்தார். பிஸ்வாஸ் நான்கு லூச்சி சாப்பிட்டார். கறி பிரமாதம் என்றார். பக்கத்து வீட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்து, "ஏறக்குறைய இதேதான் இருக்கும்" என்று குறித்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஸ்னேகா அறிக்கையைப் பிரித்தாள். சமையலறை என்ற இடத்தில் 'காணப்படவில்லை' என்றிருந்தது.

"அது பரவாயில்லை அங்கிள். ப்ராப்ளம் இங்க இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டோட லைஃப் முடிஞ்சு போச்சு."

"எப்ப?"

"இருபது வருஷம் முன்னாடி."

செங்கல் வீட்டுக்கு அறுபது வருட ஆயுள் என்று வங்கியின் அட்டவணை சொன்னது. வீட்டுக்கு வயது எண்பது. எனவே எஞ்சிய ஆயுள் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டர் மைனஸ் இருபது என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பிஸ்வாஸின் கையெழுத்து, முத்திரை, தேதி.

லாஹிரி வருத்தப்பட்டார். "கடன் பதினைந்து வருடம். வீடு அதற்கு மேலும் ஐந்து வருடம் நிற்க வேண்டும். உங்கள் வீடு நாற்பது வருடம் குறைகிறது, மாணிக்பாபு."

"ஸார், எனக்கே ஐம்பத்தி நாலு. என் ஆயுளைப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கலியே?"

"உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நீங்கள் போனால் எங்களுக்குப் பணம் வந்துவிடும். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கவலையே இல்லை, நீங்களும் கவலைப்படாதீர்கள்."

வழி கேட்டார் இராஜமாணிக்கம். லாஹிரி ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் விளக்கினார். வீட்டை ரிப்பேர் செய்தால் ஆயுள் கூடும். ஆயுள் கூடினால் கடன் கிடைக்கும். ரிப்பேர் செய்யப் பணம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கடன் உண்டு. அந்தக் கடன் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும். சொந்தக்காரராக வேண்டுமென்றால் வீட்டை வாங்க வேண்டும். வாங்கக் கடன் வேண்டும். பென்சில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. லாஹிரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கிறதா, பாருங்கள். ஹெட் ஆபீஸில் எட்டுப் பேர் உட்கார்ந்து தயாரித்தது."

இராஜமாணிக்கம் கூடத்துக்கு வந்தபோது டிவியில் ஜெய்ராம் சாவியோடு காத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெய்ராமும் கல்பனாவும் சாப்பிட வந்தார்கள். பள்ளத்தில் தூண்கள் எழும்பியதை ட்ரோனில் எடுத்த வீடியோ ஜெய்ராமின் போனில் இருந்தது. "என்னண்ணே, இத்தனை தடவை அலையறீங்க. எங்க பேங்க்ல என்னை பிளாட்டினம் கஸ்டமரா போட்டுட்டாங்க. வேணா நான் ஒரு வார்த்தை சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றார் இராஜமாணிக்கம். ரசம் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

அப்பீல் செய்தார். கட்டட உறுதி நிபுணர் ஒருவரை அனுப்புவதாக வங்கி எழுதியது. குறித்த நாளில் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிஸ்வாஸ் வந்தார்.

"நீங்கதானே போன தடவை..."

"அது மதிப்பீட்டாளர் பிஸ்வாஸ். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ரகசியம்" என்றார். மஞ்சள் ஹெல்மெட்டுக்கு உள்ளே நுழையும் அதிகாரம் உண்டு. அறை அறையாகப் போய், ஐந்து ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சில இடங்களில் தலையாட்டினார். சமையலறையைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு, லூச்சி உண்டா என்று தத்தாபாபுவிடம் விசாரித்தார். கடைசியில் அரசமரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

இரண்டாவது அறிக்கை முதல் அறிக்கையைவிட நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. வீட்டின் எஞ்சிய ஆயுள் அதே மைனஸ் இருபது. மரத்தின் எஞ்சிய ஆயுள் நூறு ஆண்டுகளுக்குக் குறையாது, உறுதி மிக நன்று.

"மரம் எங்கள் விதிகளுக்கு முழுக்கப் பொருந்துகிறது" என்றார் லாஹிரி. "ஆனால் மரத்துக்குக் கடன் தரும் திட்டம் எங்களிடம் இல்லை."

மூன்று மாதம் போய்விட்டது. ப்ரொமோட்டர் தத்தாபாபுவின் வாசலுக்கு இஞ்சினியரையே அழைத்து வந்து அளக்க ஆரம்பித்திருந்தான். பெங்களூர் மகள் தினமும் போன் செய்தாள். தத்தாபாபு இராஜமாணிக்கத்தைக் கண்டால் பார்வையைத் தரையில் போட்டார்.

கடைசியாக ஒருமுறை வங்கிக்குப் போனார் இராஜமாணிக்கம். நில மதிப்பு வந்திருந்தது. நல்ல மதிப்புதான். ஆனால் அதிலிருந்து வீட்டை இடிக்க ஆகும் செலவைக் கழித்திருந்தார்கள்.

"நான் இடிக்கப் போறதில்லையே ஸார்."

"இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு வீடு நிற்பது எங்களுக்குப் பெரிய இடைஞ்சல். வீடு இல்லையென்றால் இந்தச் சொத்து அருமையான சொத்து."

அத்தனை மாதங்களில் முதல் தடவையாக இராஜமாணிக்கம் குரலை உயர்த்தினார். "வீடே இல்லைன்னா கடன் குடுத்துடுவீங்களா?"

"தாராளமாக!" லாஹிரியின் முகம் மலர்ந்தது. "நிலமும் அனுமதி பெற்ற ஒரு பிளானும் கொண்டு வாருங்கள். நிலம் வாங்கவும் தருவோம், வீடு கட்டவும் தருவோம். இல்லாத வீட்டில் என்ன குறை இருக்க முடியும்? விரிசல் கிடையாது, ஒழுகாது, வயதும் ஆகாது. எங்கள் வங்கியின் சிறந்த கடன்கள் எல்லாம் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தவைதான். உங்கள் சகலையைக் கேளுங்கள்."

அன்று சாயங்காலம் சாவித்திரி பட்டாணி உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"தத்தாபாபு வீட்டுக்கு அந்தக் காலத்துப் பிளான் இருக்குமில்ல?"

"இருக்கும். அதுக்கென்ன?"

"அதைக் கொண்டுபோய்க் குடுங்க. இந்த மாதிரி ஒரு வீடு கட்டப் போறேன்னு சொல்லுங்க."

"அங்கதான் வீடு நிக்குதே, சாவித்திரி!"

"யாரு சொன்னா? இருபது வருஷத்துக்கு முன்னாடியே போயிடுச்சுன்னு அவங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க?"

தத்தாபாபுவின் தகரப் பெட்டியில் பிளான் இருந்தது. மங்கிய நீலத்தில், முத்திரையோடு. தேதி எழுதியிருந்த மூலையைச் செல் அரித்திருந்தது. ஸ்னேகா அதைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு அவரையும் கவனமாகப் பார்த்தாள்.

"ஃபார்ம்ல 'பிளான் அனுமதி பெற்றதா'ன்னுதான் அங்கிள் கேள்வி. எந்த வருஷம்னு கேள்வியே இல்ல." யெஸ் என்று டிக் அடித்தாள். 'மனையில் தற்போது உள்ள கட்டடம்' என்ற இடத்தில் பேனா தயங்கியது. இரண்டு அறிக்கைகளையும் எடுத்து மேலே கோத்தாள். 'ஆயுள் முடிந்தது, அறிக்கை காண்க' என்று எழுதினாள். "நான் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதலை, அங்கிள்."

ஒன்பதாவது நாள் கடன் பாஸானது. இராஜமாணிக்கம் ஜெய்ராமுக்குப் போன் செய்து சொன்னார். எண்ணிக்கை சரியாகக் காதில் விழுந்ததா என்ற சந்தேகத்தில் சற்று நேரம் கழித்து மறுபடி போன் செய்து, ஒன்பது என்றார்.

பத்திரம் பதிந்தாயிற்று. தத்தாபாபு வீட்டுத் தூணை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போனார். கட்டுமானப் பணம் நான்கு கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்தையும் சர்வேயர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். முதல் கட்டம் அஸ்திவாரம். பிஸ்வாஸ் பச்சை ஹெல்மெட்டில் வந்து, இரண்டு மாடி வீட்டின் முன்னால் நின்றார்.

"அஸ்திவாரம் எங்கே?"

"கீழ இருக்கு."

பிஸ்வாஸ் குனிந்து பார்த்து, 'முடிந்தது' என்று எழுதினார்.

இராஜமாணிக்கத்தால் பொறுக்க முடியவில்லை. "மேல இருக்கறதைப் பாக்கலியா?"

"இன்றைக்குப் படிவத்தில் அஸ்திவாரம் மட்டும்தான், மாணிக்பாபு. அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றாகத்தான் கட்ட வேண்டும்."

பணம் வர வர இராஜமாணிக்கம் நிஜமாகவே வேலை செய்தார். புது விட்டங்கள், புதுக் குழாய்கள், பூச்சு, மாடிப்படிக்கு மீதிக் கைப்பிடி. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மேஸ்திரியோடு சிமென்ட் தூசியில் நின்றார். பிஸ்வாஸ் இரண்டாம் வாரம் வந்து கீழ்த்தளம் எழும்பியதைப் பாராட்டினார். நான்காம் வாரம் மேல்தளம். ஆறாம் வாரம் கூரை. "இவ்வளவு வேகமாக யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. டிசைன்தான் கொஞ்சம் பழைய மாதிரி" என்றார். மரத்துக்கு நேரே 'பசுமை வசதி உண்டு' என்று எழுதினார். அதன் பிறகுதான் இராஜமாணிக்கம் மரத்தை எடுத்தார்.

வங்கியின் ஆண்டு விழாவில் அவருக்கு விரைவுக் கட்டுமான விருது கொடுத்தார்கள். லாஹிரி மைக்கைப் பிடித்தார்.

"ஆறே வாரத்தில் இரண்டு மாடி! இது எப்படி நடந்தது? எங்கள் சர்வே முறையால் நடந்தது. ஒரு செங்கல்கூட எங்கள் பார்வைக்குத் தப்பவில்லை. இதே நகரத்தில் இருபத்திரண்டு மாடி கட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் நான்காவது மாடியில் கோர்ட்டுக்குப் போய் நிற்கிறார்கள். அவர்களுக்கும் நாங்கள்தான் கடன் கொடுத்தோம். அந்தக் கடனை நினைத்தும் பெருமைப்படுகிறோம், ஏனென்றால் தவணை தவறாமல் வருகிறது."

அந்தத் தவணையைக் கட்டுகிற ஜெய்ராம், பிளாட்டினம் வாடிக்கையாளர்களுக்கான இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். கைதட்டினான். அவன் வாய் சிரித்தது; கன்னத்துக்கு மேலே எதுவும் அசையவில்லை. இராஜமாணிக்கம் அந்த முகத்தை மேடையிலிருந்து பார்த்தார். பல மாதங்களாகத் தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம்தான். எரிச்சல் சட்டென்று நின்றது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த ஜெய்ராம் அறை அறையாகப் போனான். யாரும் பார்க்காதபோது சுவரில் கை வைத்துப் பார்த்தான். கிளம்பும்போது இராஜமாணிக்கத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, நாங்க வாடகைக்கு இருக்கற பெஹாலா வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்றான். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியலை. கேஸ் எப்ப முடியும்னு வக்கீலுக்கே தெரியலை. மாடி சும்மாதானே இருக்கு? ஃப்ளாட் வர்ற வரைக்கும்..."

இராஜமாணிக்கம் அவன் தோளில் கை போட்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெருந்தன்மையாக என்றைக்கும் உணர்ந்ததில்லை. "இதெல்லாம் கேக்கணுமாடா? நாளைக்கே வாங்க" என்றார். தங்கையிடம் வாடகை வாங்கக் கூடாது என்று சாவித்திரி சொன்னதற்கும் தலையாட்டினார்.

சித்திரை வந்தது. கீழ்த்தளத்தில் ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் அடுத்த வீட்டுச் சுவர். காற்றாடி சூட்டையே சுற்றிச் சுற்றி விட்டது. மேல்மாடி எல்லாக் கூரைகளையும் தாண்டித் தெற்கே திறந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பி நேராக அங்கே போய் நுழையும். கல்பனா ஜன்னலில் மல்லிகைத் தொட்டி வைத்தாள். ஜெய்ராம் யாரையும் கேட்காமல் நாலைந்து ஆணி அடித்துப் படங்கள் மாட்டினான். பாடா ஆட்கள், அதாவது அந்தச் சந்துக்காரர்கள், மாலையில் மேலே ஏறிப்போய் அவனோடு டீ குடித்தார்கள். இறங்கும்போது பனியனோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் இராஜமாணிக்கத்திடம் ஒருவர் நின்று சொன்னார்: "உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஜெய்ராம்பாபு கொடுத்துவைத்தவர். தெற்கு பார்த்த வீடு!"

நெஞ்சுக்குக் கீழே பழைய இடத்தில் மறுபடி எரிய ஆரம்பித்தது.

"இப்படிப் புழுங்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு, மேல போய்க் கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் சாவித்திரி.

"என் வீட்டுல நான் காத்து வாங்க அவன்கிட்டப் போய் நிக்கணுமா?"

ஆனாலும் அரை மணி நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். கொஞ்சம் தயங்கி, விரலை மடக்கித் தட்டினார்.

ஜெய்ராம் திறந்தான். அவன் தலைமுடி காற்றில் பறந்தது.

"அடடே, வாங்கண்ணே! ஏன் வெளியவே நிக்கறீங்க? கூச்சப்படாம உள்ள வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க."

இராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றினார்.